ஏழையின் இதயம் எதனால் நிற்கிறது? சலீம் யூசுப்பின் ஆய்வுகள் காட்டும் உண்மை

(மக்கள் நல்வாழ்வு குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இதய நோய் வசதி படைத்தவர்களின் நோய் என்றொரு கருத்து நெடுங்காலமாக மக்களிடையே வேரூன்றி நிற்கிறது. நன்றாக உண்டு, உடல் வளையாமல் அமர்ந்திருப்பவர்களுக்கே மாரடைப்பு வரும், வெயிலில் உழைப்பவனுக்கு வராது என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். இதற்கு எதிரான இன்னொரு கருத்தும் உண்டு. பீடியையும் மதுவையும் விடாத ஏழை தன் நோயைத் தானே தேடிக்கொள்கிறான் என்பது அது. முதல் கருத்து உழைப்பாளியைச் சிகிச்சைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இரண்டாவது, அவன் சாவுக்கான பழியை அவன் தலையிலேயே சுமத்துகிறது. இவ்விரு கருத்துகளையும் பல நாடுகளில், பல்லாயிரக்கணக்கான மனிதர்களிடம் திரட்டிய சான்றுகளைக் கொண்டு சோதித்தவர் இதய மருத்துவ ஆய்வாளர் சலீம் யூசுப். அவருடைய ஆய்வுகள் எவ்வாறு நடந்தன, மருத்துவ அறிவுலகில் அவை என்ன மாற்றத்தை விளைவித்தன, உழைக்கும் மக்கள் அவற்றிலிருந்து பெற வேண்டிய பாடம் என்ன என்பனவே இவ்வுரையின் பொருள்.

பெரிய எண்களின் தேவை

சலீம் யூசுப் 1952இல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றபின், 1976இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே புள்ளியியல் அறிஞர் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோருடன் இணைந்து பணியாற்றினார். அக்காலத்தில் மாரடைப்புக்கான மருந்துகள் பெரும்பாலும் நூறு, இருநூறு நோயாளிகளிடம் மட்டுமே சோதிக்கப்பட்டன. ஓர் ஆய்வு ஒரு மருந்தைச் சிறந்தது என்னும். மற்றோர் ஆய்வு அதையே பயனற்றது என்னும். மருத்துவர்கள் தத்தம் அனுபவத்தையும் நம்பிக்கையையும் வைத்து முடிவெடுத்தனர்.

இக்குழப்பத்தின் காரணத்தை யூசுப்பும் ரோரி காலின்ஸும் பீட்டோவும் 1984இல் எழுதிய ஒரு கட்டுரையில் தெளிவாக எடுத்துரைத்தனர். ஒரு மருந்து நூறு பேரில் ஒருவர் உயிரைக் காக்கிறது என்று கொள்வோம். இருநூறு பேரிடம் நடக்கும் சோதனையில் அந்தப் பயன் தற்செயலான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகும். ஆனால் ஆண்டுதோறும் உலகில் பல லட்சம் பேருக்கு மாரடைப்பு வருகிறது. நூற்றுக்கு ஒன்று என்பது அங்கே பல்லாயிரம் உயிர்களாகும். ஆகவே சிறு பயனையும் ஐயமறக் கண்டறிய, பல்லாயிரம் நோயாளிகளைக் கொண்ட, எளிய நடைமுறையுடைய சோதனைகள் தேவை என்பது அவர்களின் வாதம்.

அவ்வழியில் நடந்த முதல் பெரும் சோதனை ஐசிஸ்-1. மாரடைப்புக்கு உள்ளான 16,027 பேரை அது உள்ளடக்கியது. அட்டெனலால் மருந்து பெற்றவர்களுள் முதல் வாரத்தில் இதய, இரத்தநாள நோயால் இறந்தோர் 313 பேர். பெறாதவர்களுள் 365 பேர். நூற்றுக் கணக்கில் பார்த்தால் 3.89 எதிர் 4.57. நூறு பேரில் ஒருவர் என்ற அளவுகூட இல்லாத இந்த வேறுபாட்டைச் சிறிய ஆய்வு எதனாலும் பிடித்துக் காட்டியிருக்க முடியாது. 1986இல் இம்முடிவு வெளிவந்தது. சிதறிக் கிடந்த சிறு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் முறையை இதய மருத்துவத்தில் நிலைநாட்டியதிலும் யூசுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பீட்டா பிளாக்கர் மருந்துகளைப் பற்றி அவர் இவ்வாறு தொகுத்த ஆய்வு 1985இல் வெளிவந்தது.

பின்னர் அமெரிக்காவின் தேசிய நல்வாழ்வு நிறுவனத்திலும், 1992 முதல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும் அவர் பணி தொடர்ந்தது. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வு 9,297 பேரைக் கொண்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை ராமிப்ரில் மருந்தால் 17.8 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தன என்று அது காட்டியது. ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் சேர்த்துக் கொடுப்பதன் பயனை 12,562 நோயாளிகளிடம் நிறுவிய க்யூர் ஆய்வு 2001இல் வந்தது. இன்று மாவட்ட மருத்துவமனையில் மாரடைப்பு நோயாளிக்கு எழுதப்படும் மருந்துச் சீட்டில் இவ்வாய்வுகளின் தடம் இருக்கிறது. மருத்துவ உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுள் ஒருவராக யூசுப் விளங்குவதற்கும், 2014இல் கனடாவின் கெய்ர்ட்னர் வைட்மன் விருது அவருக்கு வழங்கப்பட்டதற்கும் இப்பணிகளே அடிப்படை.

எல்லா நாடுகளிலும் ஒரே காரணிகள்

ஆயினும் அதுவரை நடந்த ஆய்வுகளில் ஒரு பெருங்குறை இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களிடம் நடந்தவை. உலகின் இதய நோய்ச் சாவுகளில் பெரும்பகுதி நிகழ்வதோ ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இக்குறையை நீக்க எடுக்கப்பட்ட முயற்சியே இன்டர்ஹார்ட் ஆய்வு. 52 நாடுகளில், முதன்முறை மாரடைப்புக்கு உள்ளான 15,152 பேரும், அவர்களோடு ஒப்பிட 14,820 பேரும் இதில் சேர்க்கப்பட்டனர். 2004இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது.

புகைப்பழக்கம், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிகளை நாள்தோறும் உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுவோடு தொடர்புடைய காரணி என ஒன்பது காரணிகள், உலகெங்கும் முதல் மாரடைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை விளக்குகின்றன என்பது அம்முடிவு. இனம், மரபு, நாடு என்று தனித்தனிக் காரணம் தேட வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது. இந்தியரின் உடலமைப்பே தனி, ஆகவே சாவு விதிக்கப்பட்டது என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போனது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், பிற நாட்டினரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் இவ்வாய்விலிருந்து தெரியவந்தது. அந்த முந்துதலையும் பெரும்பாலும் இதே காரணிகள் இளவயதிலேயே சேர்ந்துவிடுவதைக் கொண்டு விளக்க முடிந்தது. குடும்பத்தின் வருவாயைத் தாங்கி நிற்கும் வயது அது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இதே ஆய்வின் மற்றொரு பகுதி, வேலையிடத்தில் இடைவிடாத மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்குக்கும் சற்று மேல் என்று கண்டது. ஒப்பந்த வேலையும் இரவுப் பணியும் உற்பத்தி இலக்கும் தொழிலாளியை வாட்டும் இக்காலத்தில் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய செய்தி இது.

காரணி குறைவு, சாவு அதிகம்

இன்டர்ஹார்ட் நோயின் காரணிகளைச் சொன்னது. அக்காரணிகள் மிகுந்த நாட்டில் சாவும் மிகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இதைச் சோதிக்கும் வாய்ப்பை அடுத்து வந்த பியூர் என்னும் நீண்டகால ஆய்வு தந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளின் 628 நகர, கிராமச் சமுதாயங்களில் 1,56,424 பேரைப் பின்தொடர்ந்து கண்ட முடிவுகள் 2014இல் வெளியாயின.

முடிவு எதிர்பார்ப்புக்கு நேர் மாறாக அமைந்தது. ஆபத்துக் காரணிகளைக் கூட்டிப் போட்ட மதிப்பெண் பணக்கார நாடுகளில் 12.89, நடுத்தர வருமான நாடுகளில் 10.47, ஏழை நாடுகளில் 8.28. அதாவது ஏழை நாட்டு மக்களே குறைந்த ஆபத்தில் இருந்தனர். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்த விகிதம், ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், பணக்கார நாடுகளில் 3.99, நடுத்தர நாடுகளில் 5.38, ஏழை நாடுகளில் 6.43. இத்தகைய நோய் நிகழ்ந்தவர்களுள் உயிரிழந்தோர் பணக்கார நாடுகளில் 6.5 சதவீதம், ஏழை நாடுகளில் 17.3 சதவீதம். இந்தியா ஏழை நாடுகளின் வரிசையில் வைத்துக் கணக்கிடப்பட்டது.

ஒரே நாட்டுக்குள்ளும் இதே நிலைதான். 2019இல் வெளிவந்த பியூர் ஆய்வுப் பகுதி கல்வி நிலையை அளவுகோலாகக் கொண்டது. ஏழை நாடுகளில் குறைந்த கல்வி பெற்றவர்களின் இதய நோய் ஆபத்து, உயர்கல்வி பெற்றவர்களுடையதைவிட இரு மடங்குக்கும் மேல். ஆயினும் அவர்களுடைய ஆபத்துக் காரணிகள் மொத்தத்தில் குறைவாகவே இருந்தன. குறைந்திருந்த மற்றொன்று, அவர்களுக்குக் கிடைத்த மருத்துவம். ஏழை தன் பழக்கத்தால் சாகிறான் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இந்திய மருத்துவமனைகளின் சாட்சியம்

இந்தியாவுக்கென்றே நடந்த கிரியேட் பதிவேட்டு ஆய்வு இந்த உண்மையை மருத்துவமனைக்குள்ளேயே எடுத்துக் காட்டியது. செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டெனிஸ் சேவியர், பிரேம் பயஸ் ஆகியோருடன் யூசுப் இணைந்து நடத்திய ஆய்வு இது. 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில், மாரடைப்பு உள்ளிட்ட கடும் இதய நோய் உறுதி செய்யப்பட்ட 20,468 நோயாளிகளின் விவரங்கள் இதில் திரட்டப்பட்டன. 2008இல் லான்செட் இதழில் வெளியானது.

கடுமையான வகை மாரடைப்பு கண்டவர்கள் வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வந்து சேர எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். அடைபட்ட நாளத்தைத் திறக்கும் சிகிச்சைக்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. சிகிச்சையிலோ வேறுபாடு இன்னும் கூர்மை. நாளத்தை விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி பணக்கார நோயாளிகளில் 15.3 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 2 சதவீதத்தினருக்கு மட்டுமே. கொழுப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரைகூட பணக்காரர்களில் 61.2 சதவீதத்தினருக்கும் ஏழைகளில் 36 சதவீதத்தினருக்குமே கிடைத்தது.

முப்பது நாட்களுக்குள் இறந்தோர் ஏழைகளில் 8.2 சதவீதம், பணக்காரர்களில் 5.5 சதவீதம். இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் நோயாளிகளின் ஆபத்துக் காரணிகளையும் உடல்நிலையையும் கணக்கில் கொண்டு சமன் செய்து பார்த்தனர். இடைவெளி அப்படியே இருந்தது. பெற்ற சிகிச்சையைச் சமன் செய்து பார்த்தனர், இடைவெளி மறைந்தது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சிகிச்சை கிடைத்திருக்குமானால் இறப்பில் வேறுபாடு இருந்திராது என்பதே இதன் பொருள். இந்த ஒரு வரி பொதுமேடைகளில் அடிக்கடி சொல்லப்பட வேண்டியது. இதயம் இருவருக்கும் ஒன்றே. அதைக் காக்கும் கையில்தான் வர்க்க வேறுபாடு இருக்கிறது.

கடையில் உள்ள மருந்து, வீட்டில் இல்லாத பணம்

விலையுயர்ந்த கருவிகள் இல்லாததால் சாவு நேர்கிறது என்று மட்டும் இதைப் புரிந்துகொள்ளலாகாது. மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்கள் அது மீண்டும் வராமலிருக்க நாள்தோறும் உட்கொள்ள வேண்டியவை ஆஸ்பிரின், பீட்டா பிளாக்கர், ராமிப்ரில் வகை மருந்து, ஸ்டேடின் ஆகிய நான்கு பழைய மருந்துகள். அவற்றில் ஒன்றைக்கூட உட்கொள்ளாதவர்கள் பணக்கார நாடுகளில் 11.2 சதவீதம், ஏழை நாடுகளில் 80.2 சதவீதம் என்று 2011இல் வெளியான பியூர் முடிவு கூறுகிறது.

இதற்கான காரணத்தை 2016இல் வெளிவந்த பகுதி ஆராய்ந்தது. ஏழை நாடுகளில் இந்தியாவைத் தவிர்த்துப் பார்த்தால், நான்கு மருந்துகளும் கிடைத்த கிராமச் சமுதாயங்கள் வெறும் 3 சதவீதம். இந்தியாவில் அது 81 சதவீதம். நகரங்களில் 89 சதவீதம். இந்தியாவுக்கு மட்டும் இந்த நிலை தானாக வாய்த்துவிடவில்லை. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1961இல் ஐ.டி.பி.எல். எனப் பொதுத்துறை மருந்து நிறுவனங்கள் எழுந்தன. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்று அறிவித்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் வந்தது. இவற்றின் வழியே வளர்ந்த உள்நாட்டு மருந்து உற்பத்தியின் பயன் அது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அச்சட்டம் திருத்தப்பட்டதை இடதுசாரி இயக்கம் எதிர்த்துப் போராடியதன் பொருளும் இங்கே விளங்கும்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இந்தியக் குடும்பங்களில் 59 சதவீதத்தினரால் அந்த நான்கு மருந்துகளையும் வாங்க இயலாது. மருந்து கடையில் இருக்கிறது. வாங்கும் சக்தி வீட்டில் இல்லை. சந்தை மலிவாக உற்பத்தி செய்தால் போதும், மக்களுக்குத் தானே சென்று சேரும் என்ற நவீன தாராளமய வாதத்தை இந்த எண் தகர்க்கிறது.

விலையைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் இல்லையா? உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கப்பட்டு வந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளின் அழுத்தமும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களின் கோரிக்கையும் அதற்குப் பின்னே இருந்தன. ஒரே ஆணையில் இவ்வளவு குறைக்க முடிந்ததென்றால், அதற்கு முன் நோயாளியிடம் பறிக்கப்பட்டது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீர்வை நோக்கி

சான்றைத் திரட்டியதோடு யூசுப் நின்றுவிடவில்லை. மலிவான பழைய மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரலாம் என்ற கருத்தை அவர் வலியுறுத்தி வந்தார். இந்தியாவின் 50 மையங்களில் 2,053 பேரிடம் நடந்த முதல் சோதனை 2009இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 5,713 பேரிடம் நடந்த டிப்ஸ்-3 ஆய்வில், கூட்டு மாத்திரையும் ஆஸ்பிரினும் பெற்றவர்களுக்கு இதய, இரத்தநாள நோய் நிகழ்வு 31 சதவீதம் குறைந்திருந்தது. 2023இல் உலக சுகாதார அமைப்பு கூட்டு மாத்திரையைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மாத்திரையைக் கொண்டு சேர்ப்பவர் யார் என்ற கேள்விக்கு ஹோப்-4 ஆய்வு விடை தந்தது. கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 சமுதாயங்களில், உயர் இரத்த அழுத்தம் உள்ள 1,371 பேரிடம் இது நடந்தது. மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர்; மருந்து இலவசமாகத் தரப்பட்டது; குடும்பத்தினரோ நண்பரோ துணை நின்றனர். ஓராண்டில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுடைய இரத்த அழுத்தம் 11 புள்ளிகளுக்கும் மேல் கூடுதலாகக் குறைந்தது. 2019இல் வெளிவந்த இம்முடிவைப் படிக்கும்போது நம் ஆஷா பணியாளர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. நாடெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இப்பணியில் உள்ளனர். அவர்களைத் தொழிலாளர் என்றே ஏற்க மறுத்து, ஊக்கத்தொகை என்ற பெயரில் சிறு தொகை கொடுத்து வருகிறது அரசு. அவர்களுடைய ஊதியப் போராட்டம் இதய நோய்த் தடுப்புப் போராட்டமும் ஆகும்.

முறையாக அமைத்தால் சாவைக் குறைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடும் ஒரு சான்று. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, ஆம்புலன்சையும் ஒருங்கிணைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேடின் மாத்திரைகள் தரப்படுகின்றன. க்யூர் ஆய்வில் சோதிக்கப்பட்ட மருந்து, வெளியான இருபதாண்டுகளுக்குப் பின் சிற்றூரின் சுகாதார நிலையத்தை வந்தடைந்திருக்கிறது.

விமர்சனத்தோடு கற்றல்

ஓர் ஆய்வாளரைப் போற்றுவது அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்பதாகாது. பியூர் ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் கடும் விவாதத்துக்கு உள்ளாயின. உப்பை மிகவும் குறைப்பதும் தீங்காகலாம் என்ற 2014ஆம் ஆண்டு முடிவை, ஒரே வேளைச் சிறுநீரைக் கொண்டு உப்பின் அளவைக் கணித்த முறை சரியன்று எனக் கூறி அறிஞர் பலர் மறுத்தனர். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையாக நீடிக்கிறது. பியூர் ஆய்வில் சேர்ந்தவர்கள் அந்தந்த நாட்டு மக்கள் முழுவதையும் பிரதிபலிக்கும் மாதிரி அல்லர் என்பதும் உண்மை. நோய் வராதவருக்கு ஆஸ்பிரின் தருவதில் இரத்தக் கசிவு ஆபத்து உண்டு என்பதால் அதிலும் கருத்து வேறுபாடு தொடர்கிறது. பெரும் மருந்துச் சோதனைகள் பலவற்றுக்கு மருந்து நிறுவனங்களின் நிதி இருந்தது. கூட்டு மாத்திரை ஆய்வுகளிலும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பங்கு இருந்தது. பொதுநிதி சுருங்கும்போது ஆய்வின் கேள்விகளைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி எழவே செய்யும். ஆய்வுக்குப் பொதுநிதி வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெறுகிறது.

இந்த எல்லைகளை ஒப்புக்கொண்ட பின்னும் மையமான முடிவு அசையவில்லை. கிரியேட், பியூர் என வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு முறைகளில், வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஏழையைக் கொல்வதில் நோயைவிட மறுக்கப்பட்ட சிகிச்சைக்கே பங்கு அதிகம்.

அரசின் நிலை என்ன? மருத்துவத்துக்கான பொதுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய நல்வாழ்வுக் கொள்கை உறுதியளித்தது. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய நல்வாழ்வுக் கணக்கின்படி அது 1.84 சதவீதம் மட்டுமே. பெருந்தொற்றுக்குச் செலவிட்ட ஆண்டின் கணக்கு இது. மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் சொந்தக் கையிலிருந்தே கொடுத்தனர். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கைக்கே பணம் தருகிறது. ஆயுள் முழுதும் நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரைக்குத் தருவதில்லை.

தோழர்களே, இந்த ஆய்வுகளிலிருந்து கோரிக்கைகள் தாமே பிறக்கின்றன. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நான்கு மருந்துகளும் ஆண்டு முழுதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. கருவியும், நாள அடைப்பைக் கரைக்கும் ஊசியும் வட்டார மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் நோயாளியை நேராக உரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஆஷா பணியாளர்களுக்குத் தொழிலாளர் என்ற ஏற்பும் முறையான ஊதியமும் வேண்டும். பொதுத்துறை மருந்து நிறுவனங்கள் மீண்டும் உயிர்பெற வேண்டும்.

கிளைத் தோழர்கள் தங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, அந்த நான்கு மருந்துகளும் இன்று இருப்பில் உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். இல்லையென்றால் மக்களைத் திரட்டி மனு கொடுக்கவும், போராடவும் அதுவே தொடக்கம். எந்த மருந்து உயிரைக் காக்கும் என்பதை அறிவியல் பல்லாயிரம் நோயாளிகளிடம் சோதித்துச் சொல்லிவிட்டது. அது உழைப்பவர் வீட்டை அடையச் செய்யும் வேலை மக்கள் இயக்கத்துடையது.